பூரணம் ரீச்சரின் கோபம்

“உம்முடைய பெரியப்பாவைப் பற்றி நீர் எழுதினது ஒண்டும் செல்லாது, பிள்ளை. அதுதான் அழிச்சனான்.”

பூரணம் ரீச்சர் கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னதும் தனுசியாவுக்குச் சுள்ளென்று ஏறியது. பருத்தித்துறையில் இருந்து இரண்டு பஸ் மாறி வட்டுக்கோட்டைக்கு வந்ததே, “அது வேறை பூரணம்” என்று ரீச்சர் மழுப்பினால் நாலு கேள்வி நறுக்கென்று கேட்கத்தான். மனுசி ஒரேயடியாக ஒத்துக்கொண்டால் என்ன செய்வது?

சங்கதி இதுதான். தனுசியாவின் பெரியப்பா சீவரத்தினம் தொண்டைமானாற்றுக்காரர், இசையமைப்பாளர். அவர் மெட்டுப் போட்ட காவடிப் பாட்டை ஆற்றங்கரைச் சந்நிதி முருகன் கோயில் திருவிழாவில் பாடாத வாய் இல்லை. அந்தப் பாட்டை வெளிநாட்டுக் கொம்பனி ஒன்று எடுத்து, ‘பழைய நாட்டுப்பாடல், ஆக்கியவர் தெரியாது’ என்று இணையத்தில் வெளியிட்டுவிட்டது. மனுசன் உயிரோடு இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறார், ஆக்கியவர் தெரியாதாம்! அதைக் கேட்ட நாளில் இருந்து பெரியப்பா வீட்டில் ஒரு அடிகூட முணுமுணுக்கவில்லை.

பொறுக்கமாட்டாமல் தனுசியா இணையக் கலைக்களஞ்சியத்தில் அவருக்கு ஒரு பக்கம் எழுதினாள். அவள் எழுத எழுத, ‘ஆதாரம் இல்லை’ என்று ஒருவர் அழித்துக்கொண்டே வந்தார். கடைசியில் பக்கத்தையே நீக்கவேண்டும் என்று முன்மொழிந்தும் விட்டார். அதுவும் ஒளித்து மறைத்தல்ல, ‘பூரணம், வட்டுக்கோட்டை’ என்று சொந்தப் பெயரில்!

வேறு யார் செய்வார்கள்? ஒரு காலத்தில் பாட்டுப் போட்டி ஒன்றில் ரீச்சர் நடுவராக இருந்து, பெரியப்பாவின் மாணவிக்குப் பரிசு கொடுக்கவில்லை. “ரீச்சருக்குக் காது பழுது” என்று பெரியப்பா மேடையிலேயே சொல்லிவிட்டார். அன்றைக்கு அறுந்த பேச்சு, இருபது வருடமாகியும் ஒட்டவில்லை. ஒவ்வொரு திருவிழாவிலும் பெரியப்பா பாட வாயைத் திறந்தால் போதும், ரீச்சர் எழும்பி, எல்லோரும் பார்க்க விறுவிறென்று வெளியே போய்விடுவார். ஊருக்கே அது ஒரு பகிடி.

“பழைய கோவத்தை வைச்சுத்தானே அழிக்கிறியள்?” என்றாள் தனுசியா.

“உயிரோடை இருக்கிற ஆளைப் பற்றி எழுதேக்கை ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் வேணும். நீர் என்ன ஆதாரம் காட்டினனீர்?”

“கோயில் விழா மலர் காட்டினனான்.”

“அதை எழுதினது ஆர்? அவரின்ரை மச்சான்.”

“பேப்பரிலை வந்த கட்டுரை?”

“அவரின்ரை மாணவன். நீர் பெறாமகள். நாளைக்கு அந்தக் கொம்பனிக்காரன், ‘எல்லாம் அவரின்ரை ஆக்கள் எழுதினது’ எண்டு ஒரே சொல்லிலை தட்டிவிட்டிடுவான். அவரோடை ஒட்டுறவு இல்லாத ஒராள் எழுதி, அது முறையா அச்சிலை வரவேணும்.”

“அப்பிடி ஒராளுக்கு நான் எங்கை போவன்? எங்கடை ஊர்ப் பக்கத்திலை அவருக்குச் சொந்தமில்லாதவன் அவரிட்டைப் பாட்டுப் பழகியிருப்பான். பழகாதவன் அவரின்ரை வீட்டிலை சாப்பிட்டிருப்பான்!”

ரீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேத்தண்ணீரைத் தனுசியாவின் பக்கம் தள்ளி வைத்தார். அவள் தொடவில்லை.

“அதோடை இன்னொரு பிழை. காவடிப் பாட்டு முழுக்கச் செஞ்சுருட்டி ராகம் எண்டு எழுதியிருக்கிறீர். கடைசி அடியிலை மனுசன் புன்னாகவராளிக்குப் போயிட்டுத் திரும்பி வாறார். இப்பிடி.”

ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். பெரியப்பா மூச்சு வாங்குகிற இடத்தில் மூச்சு வாங்கி, அவர் இழுக்கிற இடத்தில் இழுத்து, அப்படியே பாடினார். தனுசியாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அந்தத் திருப்பம் போன திருவிழாவில் பெரியப்பா புதிதாகப் போட்டது. பாடியது அந்த ஒரு தரம்தான். ஒருவரும் அதை ஒலிப்பதிவு செய்யவில்லை.

“இது உங்களுக்கு எப்பிடித் தெரியும்? அவர் பாடத் தொடங்கவே எழும்பிப் போனனீங்களே! நான் பாத்துக்கொண்டு நிண்டனான்.”

“எழும்பித்தான் போனனான். கோயில் மதிலுக்கு அங்காலை, ஆத்தங்கரையிலை நிண்டு கேக்கிறதுக்கு.”

ரீச்சர் மேசையில் கிடந்த தடித்த காகிதக் கட்டை அவள் பக்கம் திருப்பினார். அச்சகத்தில் இருந்து பிழை திருத்த வந்த தாள்கள். சீவரத்தினத்தின் பாட்டுகள் ஒன்றும் விடாமல், சுரத்தோடு, எந்தப் பாட்டை எந்தத் திருவிழாவுக்கு ஆக்கினார் என்ற விவரத்தோடு.

“ஒவ்வொரு வருசமும் அங்கை நிண்டு எழுதினது. ஒரு பதிப்பகம் ரெண்டு பேரைக் கொண்டு சரிபாத்து எடுத்திருக்கு. தை மாசம் வருது. இப்ப நீர் எழுதின பக்கம் அழிஞ்சு போகட்டும், பிள்ளை. புத்தகம் வந்தாப் பிறகு அதைக் காட்டித் திருப்பி எழுதும். ஒருத்தராலும் அசைக்கேலாது.”

மழையிலும் வெயிலிலும் மதிலுக்கு வெளியே தனியே நின்ற இந்த மனுசியிடமா சண்டைக்கு வந்தோம் என்று நினைக்கத் தனுசியாவுக்கு அழுகையே வந்தது.

“ரீச்சர், இப்பவே என்னோடை வாங்கோ. பெரியப்பாவிட்டை ஒரு வார்த்தை கதையுங்கோ. மனுசன் சந்தோசத்திலை அழுதிடுவார். இவ்வளவும் செய்துபோட்டு இன்னும் என்ன கோவம்?”

“கோவமோ? அது அதுக்கு அடுத்த வருசத் திருவிழாவோடையே ஆறிட்டுது,” என்றார் ரீச்சர். “ஆனா கதைச்சால் நானும் அவரின்ரை ஆள் ஆகிடுவனெல்லே, பிள்ளை? பிறகு அவரைப் பற்றி எழுத ஒட்டுறவு இல்லாத ஆளெண்டு வேறை ஆர் இருக்கினம்?”