பச்சைத் தொப்பிக் குள்ளன்

"கிரான்யா, நீ அந்த பீரை வாங்கினது உண்மையா, இல்லையா?"

அமெரிக்காவின் பியூட் நகர ஐரிஷ் சங்கத் தலைவர் பார்ட்லி டியர்னி மேசையைத் தட்டினார். சங்கத்தார் அத்தனை பேரும் கூடத்தில் இருந்தார்கள். ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை.

"உண்மைதான்," என்றாள் கிரான்யா.

"துரோகி!" என்று பின்வரிசையிலிருந்து கத்தினாள் மொய்ரா கெஹோ. "ஒண்ணு இல்ல தலைவரே, ரெண்டு பெட்டி! ஸ்டெவான் கடையில என் கண்ணால பார்த்தேன்!"

"நீங்க அங்க எதுக்கு வந்தீங்க, மொய்ரா அக்கா?"

"நானா? நான்... ரொட்டி வாங்க!"

எல்லாம் அந்த விளம்பரத்தால் வந்த வினை. ஐரிஷ்காரர்களின் புனித பேட்ரிக் திருநாள் வருகிறதென்று பிரிண்டில் பீர் கம்பெனி டி.வி.யில் ஒன்று போட்டிருந்தது. செந்தாடியும் பச்சைத் தொப்பியுமாக, ஐரிஷ் கதைகளில் வரும் குள்ளன் ஒருவன் பீர் பீப்பாய்க்குள் தலைகுப்புற விழுகிறான். நாலு பேர் காலைப் பிடித்து இழுக்கிறார்கள். "விடுங்கடா, இன்னும் காலியாகலை!" என்கிறான் உள்ளேயிருந்து. 'ஐரிஷ்காரனுக்குத் தெரியும், எது நல்ல பீர் என்று' எனக் கீழே எழுத்து ஓடுகிறது.

பார்ட்லிக்கு ரத்தம் கொதித்துவிட்டது. "நம்ம பாட்டன் பூட்டன் தாமிரச் சுரங்கத்துக்கு நுரையீரலையே கொடுத்தவங்க! அவங்களைப் போய்ப் பீப்பாய்ல விழுந்து கிடக்கிறவங்கன்னு காட்டுவானா?" என்று முழங்கினார். இனி ஒரு ஐரிஷ் தொண்டையிலும் பிரிண்டில் இறங்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். ஏகமனதாக நிறைவேறியது. அதைக் கொண்டாட எல்லாரும் வேறு பீர் குடித்தார்கள்.

அன்றைக்கே சிரித்தவள் கிரான்யா ஒருத்திதான். ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்தச் சங்கத்தில் நிஜமாகவே அயர்லாந்தில் பிறந்தவளும் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் அந்தத் தீவை எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

"அயர்லாந்துல எங்க மேயோ பக்கத்துல இதைப் பார்த்தா ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு மாட்டைப் பார்க்கப் போயிடுவாங்க, தலைவரே."

"உனக்கென்னம்மா! நீ ஐரிஷ்காரியாவே பிறந்துட்ட. நாங்க பாடுபட்டு ஐரிஷா இருக்கோம்!"

இப்போது பார்ட்லி எழுந்து நின்றார்.

"ஏன் வாங்கின? காரணம் சொல்லு."

கிரான்யா ஸ்டெவானை நினைத்துக்கொண்டாள்.

எல்லாருக்கும் ஸ்டெவானைத் தெரியும். செர்பியர். மேட்டுத்தெருவில் சின்னதாகக் கடை வைத்திருக்கிறார். விளம்பரம் வருவதற்கு முன்பே, கையிலிருந்ததையெல்லாம் போட்டுத் திருநாளுக்காக பிரிண்டிலாக வாங்கிக் கூரை வரைக்கும் அடுக்கிவிட்டார். தீர்மானத்துக்குப் பிறகு அதை யாரும் வாங்கவில்லை. பெரிய கடைகளின் சரக்கைத் திருப்பி எடுத்துக்கொண்ட கம்பெனி, இவருடையதை எடுக்க மாட்டேன் என்றுவிட்டது. வருஷா வருஷம் ஐரிஷ் ஊர்வலத்தில் பெரிய முரசைச் சுமப்பதும் இந்த மனுஷன்தான். ஐரிஷ் முதுகுகள் எதுவும் அதற்கு ஒத்துழைப்பதில்லை.

"எனக்கு அது பிடிக்கும். அவ்வளவுதான்," என்றாள் கிரான்யா.

"பிரிண்டிலா? பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்குமே!" என்றார் பொருளாளர் டோனல்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டோனல் இருமினார். "கேள்விப்பட்டேன்."

"போதும்!" என்றார் பார்ட்லி. "கொள்கைன்னா கொள்கை. இவளைச் சங்கத்தை விட்டு நீக்கணும்ங்கிறவங்க கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. டோனல் தன் கோட்டுப் பொத்தானைத் திருகினார். மொய்ரா கூரையை ஆராய்ந்தாள்.

"என்ன, எல்லாருக்கும் கை சுளுக்கா? மொய்ரா, நீதானேம்மா புகார் சொன்ன?"

"சொன்னேன்தான்... ஆனா நீக்கறதுங்கறது கொஞ்சம் ஜாஸ்தி, தலைவரே."

கதவு திறந்தது. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டெவான் உள்ளே வந்தார். வாயெல்லாம் பல்.

"மன்னிக்கணும் தலைவரே, கூட்டத்துக்கு நடுவுல வந்துட்டேன். சந்தோஷம் தாங்கலை. கடை தப்பிச்சிருச்சு! பிரிண்டில் பூரா வித்துப்போச்சு!"

மொய்ராவின் பார்வை கூரையிலிருந்து தரைக்கு இறங்கியது.

"பூராவுமா? ரெண்டு பெட்டிதானே..." என்று முணுமுணுத்தாள் கிரான்யா. "மீதியெல்லாம் யார் வாங்கினது?"

"சொல்ல மாட்டேம்மா. சத்தியம் பண்ணியிருக்கேன். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா." ஸ்டெவான் கூடத்திலிருந்த ஒவ்வொரு முகத்தையும் கண் கலங்கப் பார்த்தார். "அந்த பீர்னா உங்களுக்கெல்லாம் இவ்வளவு உசுருன்னு எனக்கு இத்தனை நாளா தெரியாமப் போச்சே! பாவம், சங்கத்துக்குப் பயந்து கொல்லைப்பக்கமா வந்து..."

டோனல் தலையில் கை வைத்துக்கொண்டார். கிரான்யா வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது.

"கம்பெனிக்காரங்களுக்கும் பரம சந்தோஷம். இந்த மாகாணத்துலயே நம்ம ஊர்லதான் விற்பனை அதிகமாம். விளம்பரம் நல்லா வேலை செஞ்சிருக்குன்னு, அடுத்த வருஷம் ரெண்டு குள்ளனை விழ வைக்கப் போறாங்களாம்!"

பார்ட்லி மெல்ல நாற்காலியில் சரிந்தார்.

"உங்க ஆசைக்கு இது எந்த மூலைக்குன்னு, நானே இன்னொரு லாரி நிறைய வரவழைச்சுட்டேன். வாசல்லதான் நிக்குது." ஸ்டெவான் பார்ட்லியின் காதருகே குனிந்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி ரகசியமாகக் கேட்டார்:

"ஏன் தலைவரே, உங்க கார் ஷெட்டுல இனிமே ஒரு பெட்டி வைக்கக்கூட இடமில்லை. உங்க பங்கை எங்க இறக்கட்டும்?"