தெருமுனை வரைக்கும் கேட்குமா?

“விரிசல் விட்டுடுச்சு சார். இன்ஜின்லேர்ந்து புகையை வெளியே கொண்டுபோற மேனிஃபோல்டு இது. மாத்தியே ஆகணும்” என்றார் மெக்கானிக், பானெட்டுக்குள் தலையை விட்டபடி.

“என்ன போடலாம்?” என்றார் காரைக் கொண்டுவந்திருந்த ஆபீஸ் மேனேஜர்.

“கம்பெனி மேனிஃபோல்டே போட்டுடுங்க. சத்தமே இருக்காது. குடும்ப வண்டிக்கு அதுதான் லாயக்கு.”

மேனேஜரின் கண்ணோ சுவரில் தொங்கிய பளபளப்பான குழாய்களின் மேல் இருந்தது. “அது என்ன?”

“ஹெடர் சார். மேனிஃபோல்டுக்குப் பதிலா மாட்டறது. வெளிக் கம்பெனி சரக்கு. வண்டி கொஞ்சம் நல்லா இழுக்கும். ஆனா சத்தம் ஊரைக் கூட்டும். எதுக்கும் வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. ஒருத்தர் ஆசை ஆசையா மாட்டிட்டுப் போனார். மறுநாளே அவர் சம்சாரம் வந்து கழட்ட வெச்சுட்டாங்க.”

மேனேஜருக்குச் சுருக்கென்றது. “என் வீட்ல நான் கிழிச்ச கோட்டை யாரும் தாண்ட மாட்டாங்க. பார்க்கறீங்களா?”

போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். மனைவி முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

“சொல்லுங்க.”

விஷயத்தைச் சொன்னார். “காது கிழியும்னு இவர் பயமுறுத்தறார். நீ என்ன சொல்றே?”

“அந்தச் சத்தம் வர்றதையே போடுங்க” என்றாள் அவள். “தெருமுனை வரைக்கும் கேட்குமான்னு மட்டும் கேளுங்க.”

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி விழுந்தது. “இப்படி ஒரு அம்மாவை நான் பார்த்ததே இல்ல சார். கொடுத்து வெச்சவர் நீங்க!”

மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. எதைச் சொன்னாலும் தலையைக் குனிந்துகொள்கிறவளுக்குள் இப்படியொரு ரசனையா?

ஹெடர் ஏறியது. தெருவே அலறியது. எதிர் வீட்டுக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார்.

“தூக்கமே போச்சும்மா. நீங்களாவது அவர்கிட்டே சொல்லக் கூடாதா?”

“மன்னிச்சிடுங்க. ஆனா அது இருக்கட்டும்” என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டதும் மனிதர் வந்த வழியே திரும்பினார். உள்ளேயிருந்து கேட்ட மேனேஜருக்குப் பெருமை பிடிபடவில்லை.

புது ஹெடர் சூடேறி ஆறினால் போல்ட் தளரும், ஒரு தடவை முறுக்க வேண்டும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். ஆபீஸ் விட்டதும் மேனேஜர் வண்டியை அங்கே கொண்டுபோய் விட்டார்.

“நீங்க போங்க சார். முடிச்சதும் நானே கொண்டுவந்து விடறேன்.”

பஸ் பிடித்து, நடந்து வீட்டுக்கு வந்தார். வாசலில் ஷூவைக் கழற்றும்போது உள்ளே சிரிப்புச் சத்தம்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் வீட்டிலா சிரிப்பு?

ஜன்னல் திரையின் ஓரமாகப் பார்த்தார். மகன் சோபாவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, “யாரைக் கேட்டு இதை இங்கே வெச்சே?” என்று அப்பாவின் குரலில் உறுமினான். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மனைவி தலையை விரித்துப் போட்டு, தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் பல் தெரியச் சிரித்துப் பார்த்து எத்தனை காலமாயிற்று! கோபம் வரவேண்டிய இடத்தில் அவருக்கே சிரிப்பு வந்தது. அந்தக் கூட்டத்தில் தானும் போய் உட்கார வேண்டும் போலிருந்தது. கதவைத் தட்டக் கையைத் தூக்கினார்.

அந்த நேரம் பார்த்து, தூரத்தில் ஹெடர் முழங்கியது.

சிரிப்பு பட்டென்று நின்றது. டிவி அணைந்தது. மகன் சோபா உறையை இழுத்துவிட்டுப் புத்தகத்தைப் பிரித்தான். மனைவி அவசர அவசரமாகத் தலையை முடிந்தாள். போட்ட வேகத்தில் கொண்டை அவிழ்ந்தது.

“பதறாதேம்மா” என்றாள் மகள், தாயின் கூந்தலைத் தன் கையில் வாங்கி. “அப்பா இன்னும் தெருமுனையிலதான் இருக்கார். நேரம் இருக்கு.”

“அதுக்குத்தாண்டி கண்ணு, அந்தச் சத்தம் வர்றதையே போடச் சொன்னேன்.”