மருதாயியின் காணி

"நூற்றைம்பது வருஷத் தோட்ட வரலாற்றிலேயே மிக முக்கியமான அறிவித்தல் இது. எல்லாரும் குடையை மடக்கிட்டுக் கேளுங்க."

கஹவத்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து மழை. வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்குக் கூடியிருந்த தொழிலாளர்களில் ஒருவரும் குடையை மடக்கவில்லை. மேற்பார்வைக்கார கண்டாக்கு ராஜதுரையும் தன் குடையை மடக்காமலேயே வாசித்தார். தோட்டத்து மண்ணில் யாரோ களவாகக் குரோட்டன் வளர்க்கிறார்கள். இந்த மண்ணில் ஓர் அங்குலம்கூட எந்தத் தொழிலாளிக்கும் சொந்தமில்லை. செடிகள் கண்ட இடத்திலேயே பிடுங்கப்படும்.

யாரோ என்பது மருதாயி என்று எல்லோருக்கும் தெரியும். புதன்கிழமைதோறும் சந்திக்கு வரும் கொழும்பு லொறியில் நாற்பது கட்டுக் கிளை ஏற்றுவாள். சிவப்பு, மஞ்சள், செம்பு நிறத்து இலைகள். பூங்கொத்துக்கு வைக்க வெளிநாடு போகிறவை. இலையில் ஓட்டை, தண்டில் கோணல் என்று இரண்டு வருஷமாக வேண்டாமென்று தள்ளிய கொழும்புக்காரர்கள் இப்போதுதான் ஒழுங்காக எடுக்கிறார்கள். இரண்டு புதன் தவறினால் வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் சாகும்வரை கொழுந்துக் கூடைதான். மருதாயி அதற்குத் தயாராக இல்லை.

ராஜதுரை நான்கு நாள் தேடினார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் பின்புறம், ஓடைக்கரை, ரப்பர் மலை, கோயில் வளவு, கடைசியில் தோட்ட நிர்வாகியான தொரையின் பங்களாத் தோட்டம்கூட. அட்டைகள் அவரிடம் வயிறாரச் சாப்பிட்டன.

"கூரை மேலதான் ஐயா இன்னும் பாக்கல, ஏணி கொண்டாரட்டுமா?" என்று கேட்டாள் கொழுந்து பறிக்கும் பஞ்சவர்ணம்.

ஐந்தாம் நாள் மருதாயியை ஆபீசுக்கு அழைத்தார்கள். வாசலில் மண்வெட்டியோடு மூன்று பேர் ஆயத்தமாக நின்றார்கள். உள்ளே தொரை நாற்காலியில் இருக்க, விசாரணையை ராஜதுரை நடத்தினார்.

"எங்க நட்டிருக்க?"

"என் காணியிலங்க."

ராஜதுரை சிரித்தார். தொரை சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்.

"உனக்கு யாரு காணி குடுத்தா?"

"தொரைதாங்க. கையெழுத்துப் போட்ட கடுதாசி இருக்கு."

நாற்பது கட்டு வெட்ட எவ்வளவு நிலம் வேண்டும் தெரியுமா என்று மடக்கினார் ராஜதுரை.

"எனக்கு மட்டுமில்லீங்க. லயத்துல முப்பது குடும்பம் அவங்கவங்க காணியையும் என்கிட்ட விட்டிருக்கு. எல்லாத்துக்கும் தொரை கையெழுத்துத்தான். பிடுங்கணும்னா பிடுங்குங்க. முப்பது குடும்பமும் வந்து நிக்கும், நானும் நிப்பேன்."

தொரைக்கு வியர்த்தது. தான் எவருக்கும் ஓர் அங்குலமும் கொடுத்ததில்லை என்று சிங்களத்தில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் சொன்னார். மருதாயி இடுப்பிலிருந்த பொலித்தீன் பையைப் பிரித்துக் கடிதத்தை நீட்டினாள். தொரை படித்தார். தன் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, மண்வெட்டிக்காரர்களை மலைக்கு அனுப்பும்படியும் அந்தச் செடிகளில் கை வைக்க வேண்டாம் என்றும் மெதுவாகச் சொன்னார்.

தோட்ட வரலாற்றில் முதன்முதலாக வெளியே வந்த காணிக் கடிதத்தை ராஜதுரை வாங்கி, தொண்டையைச் செருமி, உரக்க வாசித்தார்.

"மருதாயியின் கணவர் காலஞ்சென்ற வேலுசாமியைப் புதைக்க, தோட்டத்து மயானத்தில் ஆறடிக்கு மூன்றடி."