குளக்கரையில் ஒரு குடைக்கடை

குளக்கரை எலியார் வியாபாரப் புத்தகங்கள் பன்னிரண்டை வரி விடாமல் படித்தார். பிறகு வளையில் இருந்த நெல்லையெல்லாம் கொடுத்து நூறு தாழங்குடை வாங்கிக் கடை திறந்தார். மழைக்காலம் முழுக்கச் சாப்பிட வேண்டிய நெல் அது. அவர் மனைவி எலியம்மாள் குடைக் கட்டுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“இங்கே இருக்கிறது தவளையும் வாத்தும்தானே? அதுங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“உனக்கென்னடி தெரியும்? மழை வந்தா குடை விக்கும். மூணாவது புத்தகத்துலயே இருக்கு.”

மழை வந்தது. வாத்துகள் ஆனந்தமாக நனைந்தன, தவளைகள் கச்சேரி வைத்தன. ஒரு குடைகூடப் போகவில்லை. எலியார் பதின்மூன்றாவது புத்தகத்தோடு மூலையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது ஒரு தவளை கடைக்கு வந்தது. “மழைக்கு எங்களுக்கு எதுக்கு அண்ணே குடை? வெயில்லதான் தோல் காஞ்சு உயிர் போகுது. கோடைக்கு இருபது எடுத்து வைங்க, இப்பவே நெல் தர்றோம்.”

“என்னங்க, இங்கே பாருங்க!” என்றாள் எலியம்மாள்.

எலியார் தலை நிமிரவில்லை. “உஷ்! வாடிக்கையாளர் சொல்றதைக் காதுகொடுத்துக் கேக்கிறது எப்படின்னு படிச்சுக்கிட்டிருக்கேன்.”

எலியம்மாள் சத்தம் காட்டாமல் தவளையை வாசலுக்குக் கூட்டிப்போய், “பெரிய குடையா அண்ணே, சின்னதா?” என்று கேட்டாள்.