பாக்கி இருந்த வாக்கியம்

நீண்ட விடுப்பு முடிந்து வந்த தமயந்தி, பிளஸ் டூ பெண்களுக்கு ஆங்கில இலக்கணம் எடுத்தாள். ஒரு வாக்கியத்தில் எதை முன்னால் இழுத்து வைக்கிறோமோ, மொத்தக் கனமும் அதன் தலையில் ஏறிவிடும் என்று சொல்லிவிட்டு, பாடநூலில் இருந்த உதாரணத்தைப் பலகையில் எழுதினாள். 'அம்மா நேற்று கேட்டைத் திறந்து போட்டாள்.' எழுதி முடித்த பிறகுதான் அதைப் படித்தாள். ரோட்டுக்கு ஓடி லாரியில் அடிபட்ட அவளுடைய மகனைக் கடைசியாகப் பார்க்க, வகுப்பில் இருந்த அத்தனை பேரும் அவள் வீட்டு கேட் வழியாகத்தான் போய் வந்திருந்தார்கள்.

அவள் அதை அழிக்கவில்லை. "ம், ஒவ்வொருத்தரா மாத்திச் சொல்லுங்க" என்றாள்.

முதல் பெண் எழுந்து, நேற்றுதான் அம்மா கேட்டைத் திறந்து போட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அடுத்தவள், கேட்டைத்தான் அம்மா நேற்று திறந்து போட்டது என்றாள். அதற்கடுத்தவள் மறுபடியும் நேற்றுக்கே போனாள். கடைசி பெஞ்சு வரை நேற்றும் கேட்டும்தான் மாறி மாறி வந்தன. வீட்டில் அவள் கணவனும் இப்படித்தான், துக்கம் கேட்க வருகிறவர்களிடம் எல்லாம் கேட் திறந்து கிடந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறான், யார் திறந்து போட்டது என்று சொல்வதில்லை.

"இன்னொண்ணு பாக்கி இருக்கே. யாராவது ஒருத்தி சொல்லுங்களேன்டி." தமயந்தியின் குரல் கெஞ்சியது.

எல்லோரும் குனிந்துகொண்டார்கள். கிளாஸ் லீடர் பர்வீன் மட்டும் எழுந்து நின்றாள்.

"மிஸ், அது பரீட்சைக்கு வராது மிஸ்."