பதினேழாம் மெஷினில் அபிநயா

"எங்க அபி பேரு அதுல இருக்குதா பாரு தம்பி."

கேன்டீன் தேவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பிரின்சிபால் அறை வாசலில் நின்றாள். நெல்லிவாசல்நாட்டிலிருந்து வரும் ஜீப் வளைவில் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது என்று பால் வண்டிக்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தேவியின் தங்கை அபிநயா தினமும் கல்லூரிக்கு வருவது அந்த ஜீப்பில்தான். அவள் போனுக்கு லைன் போகவில்லை.

"படி நவீன்" என்று திரையைக் காட்டினார் பிரின்சிபால் கோகிலவாணி. அவர் கை மட்டும் மேஜை போனில் யாருடைய எண்ணையோ திரும்பத் திரும்ப ஒற்றிக்கொண்டிருந்தது.

மூன்றாமாண்டு நவீன்குமாரைக் கூப்பிட்டதே இதற்குத்தான். ஒரு கட்டளை அடித்தால் போதும், கல்லூரியின் எல்லா யூனிக்ஸ் கம்ப்யூட்டர் மெஷின்களிலும் யார் யார் லாகின் செய்திருக்கிறார்கள் என்று பெயரும் மெஷின் நம்பருமாக வந்து விழும். வருகைப் பதிவும் அதுதான். பத்து மணிக்குத் தானாகவே மலைக்குக் கீழே உள்ள நிர்வாக அலுவலகத்துக்குப் போய்விடும். ஆள் மாற்றிக் கையெழுத்துப் போடுவதை ஒழிக்க வந்த ஏற்பாடு.

"அபிநயா, பதினேழாம் மெஷின்" என்று படித்தான் நவீன். குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

"அப்ப லேப்லதான் இருக்குதா? அந்தப் பொட்டி பொய் சொல்லாதில்ல?"

பெட்டி பொய் சொல்லாது. நவீன் சொன்னதைத்தான் சொல்லும். ஜீப் என்றைக்கும் நேரத்துக்கு வருவதில்லை என்பதால் அதில் வரும் ஆறு பேரின் பாஸ்வேர்டையும் அவன் மனப்பாடம் செய்திருந்தான். லேப் சாவியும் அவனிடம்தான். காலையில் திறந்து, ஆறு மெஷின்களில் ஆறு பேரின் பெயரையும் லாகின் செய்து உட்காரவைத்துவிட்டு, பூட்டிக்கொண்டு வந்துவிடுவான். ஆளுக்கொரு முட்டை போண்டா கூலி.

தேவி இரு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். "புண்ணியமாப் போவும் தம்பி உனுக்கு."

நவீன் மௌஸை விட்டுவிட்டு எழுந்தான்.

"அக்கா, அந்தப் பேரு வந்து..." என்று ஆரம்பித்தான்.

அதற்குள் போன் எடுக்கப்பட்டது. பிரின்சிபால் ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனையில் மோகன் சார். மலை ஒத்துக்கொள்ளாமல் ஓடிப்போன பலருக்குப் பிறகு நிலைத்து நின்ற ஒரே கம்ப்யூட்டர் வாத்தியார். பட்டியலில் அவர் பெயரும் இருந்தது.

"மோகன், அபிநயா எங்க?"

"என் எதிர்லதான் மேடம் நிக்குது. எல்லாரும் நல்லா இருக்கோம்."

அடுத்து அபிநயாவின் குரலே வந்தது. "அக்கா, நான் கிளாஸ்ல இருக்கேன். மத்தியானத்துக்கு ரெண்டு முட்டை எடுத்து வை."

பின்னால் ஒரு ஆடு கத்தியது.

"இன்னா சார், லேப்ல ஆடு?" என்றாள் தேவி.

"ஜன்னலாண்ட வந்துட்டுதும்மா" என்றார் மோகன் சார், கொஞ்சமும் தடுமாறாமல்.

தேவி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு முட்டை வேகவைக்கப் போனாள். நவீனுக்கும் மூச்சு வந்தது. பாக்கெட்டில் கைவிட்டால் லேப் சாவி அங்கேயேதான் இருந்தது. வராந்தாவுக்கு வந்தான். அவன் போன் அடித்தது.

"நவீனு, யாருக்கும் பெருசா அடி இல்லடா, சிராய்ப்புதான்" என்று கிசுகிசுத்தார் மோகன் சார். "டிராக்டர் வந்து நாங்க வந்த ஜீப்ப இழுக்குது. நீ லாகின் போடறத பசங்க சொல்லிட்டாங்க. அவங்க பேரோட என் பேரையும் போட்டு வுட்டுடுடா."

"உங்க பேரு ஏற்கெனவே இருக்குது சார்."

"யார்ரா போட்டது? நீயா?"

"உங்க பாஸ்வேர்டு எனக்குத் தெரியாதே சார்."

"எனுக்கே மறந்துபோயி, போன வாரம் மேடம்தான புதுசு போட்டுக் குடுத்தாங்க..." என்றவர், பாதியில் நிறுத்தினார்.

நவீன் அறைக்குள் திரும்பி வந்தான். பட்டியல் திரையில் அப்படியே இருந்தது. மோகன் என்ற பெயருக்கு எதிரே இருபத்தொன்று. லேப்பில் இருப்பதே இருபது மெஷின்தான். பிரின்சிபாலின் மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்த மெஷின் நம்பர் சீட்டைப் பார்த்தான்: 21.

கோகிலவாணி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உன் ஆறும் பத்திரமா வருது, என் ஒண்ணும் பத்திரமா வருது. கதவைச் சாத்திட்டுப் போ நவீன்."