ராக்கெட் மாதிரி வருமா?

"பொண்ணு நல்லாத்தான் ஆடுறா. ஆனா ராக்கெட் மாதிரி வருமா?"

சொல்லிவிட்டு, தராசு சார் பிஸ்கட்டை டீயில் முக்கினார்.

பி.டி. டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டாள். காலையிலிருந்து இது பதினோராவது ராக்கெட்.

கூடைப்பந்துத் தேர்வுக் குழுவில் அவர் உட்கார்ந்து இருபது வருஷமாகிறது. எந்தப் பெண் வந்து நின்றாலும் ஒரு தட்டில் அவளை வைப்பார், மறு தட்டில் ஒரு பழைய நட்சத்திரத்தை வைப்பார். ஆரம்பத்தில் ஏணி என்றொரு நெட்டை வீராங்கனை. அவளுக்குப் பிறகு ராக்கெட். எந்தத் தட்டு இறங்கும் என்று சொல்லவும் வேண்டுமா? அதனால்தான் தராசு என்ற பட்டப்பெயர். அவருக்கு அது பாராட்டு என்று நினைப்பு.

அறையில் மூன்றே பேர். தராசு சார், சங்கத்தின் செயலாளர் அம்மா, டீச்சர். மேஜை மேல் பதினைந்து வயதுக்கு உட்பட்டோர் அணிப் பட்டியல். பதினோரு பெயர் நிரம்பிவிட்டது. பன்னிரண்டாவது கோடு காலி.

அந்தக் கோட்டுக்காகக் கதவுக்கு வெளியே, ஷூவைக்கூடக் கழற்றாமல் காத்திருந்தாள் டீச்சரின் மாணவி கடுகு. ஆள் குள்ளம், அதனால் கடுகு. அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். இன்றைக்கு விட்டால் போச்சு.

"சார், இன்னிக்கு ஆட்டத்துல அவ ஒருத்தியே இருபத்திரண்டு பாயின்ட்."

"பாயின்ட் யார் வேணா எடுக்கலாம் டீச்சர். நிக்கிற தோரணைன்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அது பிறவியில வரணும். ராக்கெட் சும்மா நின்னாலே எதிர் டீமுக்கு வயித்தைக் கலக்கும்."

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதுன்னு..." என்று இழுத்தார் செயலாளர் அம்மா.

"பழமொழியெல்லாம் கூடையில விழாது மேடம்."

டீச்சரின் கைப்பேசி அதிர்ந்தது. மகள். துண்டித்தாள். உடனே மறுபடி அதிர்ந்தது. மறுபடியும் துண்டித்தாள்.

"ஒரு குழந்தையை எதுக்கு சார் இன்னொருத்தரோட வெச்சுப் பாக்கணும்? அவ அவளா இருந்துட்டுப் போகக் கூடாதா?"

"கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்க ஸ்கூல்ல நான் கோச்சா இருந்தப்ப ராக்கெட்டைப் பதினாலு வயசுல பாத்த கண்ணு இது. பாத்த அன்னிக்கே சொன்னேன், இவ எங்கயோ போகப் போறான்னு. வைரத்தைக் காட்டினா வைரம்னு சொல்லுவேன். நீங்க கூழாங்கல்லைக் கொண்டு வந்தா நான் என்ன பண்ண?"

இந்தக் கதையை அவர் சொல்லாத பரிசளிப்பு விழா கிடையாது.

டீச்சர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். "அப்ப இன்னொரு பொண்ணோட வீடியோவையும் பாத்துடுங்க சார். அவளுக்கும் பதினாலு வயசுதான். உங்க கண்ணு என்ன சொல்லுதோ, சொல்லட்டும்."

கைப்பேசியில் சத்தத்தை அடைத்துவிட்டு நீட்டினாள். மங்கலான படம். இரட்டைச் சடைப் பெண் ஒருத்தி பந்தைத் தட்டிக்கொண்டே ஓடினாள்.

தராசு சார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"ஐயையோ! என்ன இது, குனிஞ்சு தரையையே பாக்குறா? தோட்டைத் தொலைச்சுட்டாளா?"

செயலாளர் அம்மா சிரித்துவிட்டார். சாருக்கு உற்சாகம் பிறந்தது.

"முழங்கையைப் பாருங்க, உடைஞ்ச ஜன்னல் கதவு மாதிரி தனியா ஆடுது. ஓடுறாளா, பஸ்ஸைத் துரத்துறாளா? பக்கத்துல ஒருத்தி கையை நீட்டிட்டு நிக்கிறா, பாஸ் குடுக்க மகாராணிக்கு மனசே வரல."

"தேறுவாளா சார்?"

"தலைகீழா நின்னாலும் தேற மாட்டா. இதுக்குக் கடுகே தேவலை!"

"மேடம், குறிச்சுக்குங்க. கடுகே தேவலைன்னு சார் சொல்லிட்டாரு."

செயலாளர் அம்மா நிஜமாகவே குறித்துக்கொண்டார்.

"யாரு இது? எங்க பிடிச்சீங்க?" என்றார் சார்.

"எங்க ஸ்கூல் விளையாட்டு ரூம்ல, அலமாரிக்குப் பின்னால கிடந்த பழைய கேசட் சார். போன வாரம்தான் போன்ல ஏத்தினேன். அது ராக்கெட்."

ஊறிப்போன பிஸ்கட் பாதியாக உடைந்து டீக்குள் விழுந்தது.

ஆனால் தராசு சார் லேசில் சாய்கிற ஆளில்லை. "அதானே! அப்படி இருந்தவளைத் தட்டிக் குடுத்து, தைரியம் சொல்லி ஆளாக்கினது யாரு? இந்தக் கைதானே?"

டீச்சர் படத்தை மறுபடி ஓடவிட்டாள். இந்தத் தடவை சத்தத்தைக் கூட்டினாள்.

"ஏய், ரெட்டைச் சடை! ஏணி ஆடுறதைப் பாத்திருக்கியா? அவ கால் தூசிக்கு வருவியா நீ? போ, போய் வேற வேலை இருந்தா பாரு!"

இத்தனை வருஷத்தில் சாரின் குரல் துளிகூட மாறவில்லை.

செயலாளர் அம்மா கைப்பேசியைப் பார்த்தார். தராசு சாரைப் பார்த்தார். பன்னிரண்டாவது கோட்டில் கடுகின் பெயரை எழுதி, பேனாவைச் சார் பக்கம் நீட்டினார். சார் தலையைத் தூக்காமல் கையெழுத்துப் போட்டார்.

டீச்சர் வெளியே வந்து தலையை ஆட்டியதும் கடுகு குதித்த குதிக்கு ராக்கெட்டே தோற்றுப்போவாள்.

"இங்க பாரு, யார் மாதிரியும் ஆகணும்னு நினைக்காதே. நீ நீயா ஆடு, அது போதும்." அவள் முதுகில் தட்டிக்கொடுத்தாள் டீச்சர். சொல்லி முடித்தபோது அவளுக்கே தன் மேல் தனி மரியாதை வந்தது.

கைப்பேசி மறுபடி அதிர்ந்தது. இந்த முறை எடுத்தாள்.

"எத்தனை தடவைம்மா கட் பண்ணுவே? கணக்குல தொண்ணூத்தி மூணும்மா!"

"அடி என் செல்லமே!" என்றாள் டீச்சர். "சரி, எதிர் வீட்டுப் பொண்ணு எவ்வளவு?"